கூட்டம் போடணும்னா ஆடி மாசம் போடுங்க

ஊர்ப் பிரச்சனைக்காக ஓடியாடுற சின்னப் பசங்களை எல்லாம் ஒரு இடத்துல சேத்து ரெண்டு நாள் கூடுகை போடலாம்னு இருக்கோம், என்னக்கா செய்யணும்னு யாராச்சும் கேட்டா நான் முதல்ல சொல்றது, ஆடி மாசத்துல வைங்க. கேக்குறவங்க சிரிப்பாங்க, ஏதோ கொள்கை விளக்கம் வரும்னு எதிர்பார்த்திருப்பாங்க போல. ஆனா மதுரைப் பக்கம் மண்டபம் புடிச்சு அலைஞ்சவங்களுக்குத் தெரியும். சித்திரையில அழகர் ஆத்துல இறங்குற நேரம் ஒரு அண்டா வாடகைக்குக் கிடைக்காது, வைகாசி ஆவணி தை எல்லாம் முகூர்த்தம், சமையல் மாஸ்டர் போனையே எடுக்க மாட்டாரு. ஆடியில கல்யாணம் இல்ல, மண்டபம் காத்து வாங்கிட்டுக் கிடக்கும், மாஸ்டர் வீட்டுல சும்மா உக்காந்திருப்பாரு, பாத்திரக்கடைக்காரரு பாதி வாடகைக்கே சரிம்பாரு. இன்னொரு லாபமும் இருக்கு, ஆடிக் கடைசியில ஆகஸ்ட் 15 வந்துரும், அன்னிக்கு ஊருக்கு ஊரு கிராம சபை. கூடி முடிச்சு வீட்டுக்குப் போற பசங்களுக்கு அடுத்த வாரமே செய்யுறதுக்கு ஒரு வேலை ரெடியா இருக்கும்.

போன ஆடியில நாங்க நாலஞ்சு பேரு சேந்து மேலூர் பக்கம் இப்படி ஒண்ணு நடத்துனோம். பேரெல்லாம் ஒண்ணும் வைக்கல. அறுபது பேரு கிட்ட வந்தாங்க, எல்லாம் பதினெட்டுல இருந்து இருபத்தஞ்சு வயசுக்குள்ள. மேலூர் சுத்துப்பட்டுக் கிராமங்க, ராமநாதபுரம் கடலோரம், தேனி, விருதுநகர், தூத்துக்குடின்னு ஆளுக்கு ஒரு திசை. ஒருத்தன் ஊர்ல கல்குவாரி, ஒரு பொண்ணு ஊர்ல கண்மாய் ஆக்கிரமிப்பு, இன்னொருத்தர் ஊர்ல இறால் பண்ணை, இன்னொரு பொண்ணுக்கு ஒரே ஒரு கோரிக்கை, அவ ஊருக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஒரு பஸ் வேணும். இதுல எது பெரிய பிரச்சனைன்னு நம்ம மாதிரி ஆளுங்க மனசுக்குள்ள ஒரு வரிசை வச்சிருப்போம், அந்த பஸ் கேட்ட பொண்ணு பேசுனதைக் கேட்டா அந்த வரிசை காணாமப் போயிரும். ஆறு மணிக்கு மேல பஸ் இல்லாததுனாலதான் அவ ஊர்ல பொண்ணுங்க ப்ளஸ் டூவோட நிக்குறாங்க.

ஏன் மேலூர்னா, டங்ஸ்டன் சுரங்கம். 2024 நவம்பர்ல நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பிளாக் ஏலம் போயிருச்சுன்னு செய்தி வந்துச்சு, ரெண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல, அதுக்குள்ள அரிட்டாபட்டியும் வருது. அரிட்டாபட்டியை 2022-லயே தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு அறிவிச்சிருக்காங்க, ஏழு மலை, சமணர் படுகை, தமிழ் பிராமிக் கல்வெட்டு, பாண்டியர் காலத்துக் குடைவரை, எல்லாம் இருக்குற ஊரு. அதுக்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். கிராம சபைகள்ல தீர்மானம் போட்டாங்க, டிசம்பர் 9-ம் தேதி சட்டசபையில தீர்மானம் வந்துச்சு, 2025 ஜனவரி 7-ம் தேதி நரசிங்கம்பட்டியில இருந்து தல்லாகுளம் தலைமைத் தபால் ஆபீஸ் வரைக்கும் சனம் நடந்தே போச்சு, அந்த மாசம் 23-ம் தேதி ஏலத்தை ரத்து பண்ணிட்டாங்க. அந்த நடைபயணத்துல நானும் கொஞ்ச தூரம் போனேன். முன்னாடி கைக்குழந்தையைத் தூக்கிட்டுப் போன ஒரு அம்மா, பக்கத்துல டிராக்டர், பின்னாடி காலேஜ் ஐடி கார்டைக் கழட்டி சட்டைப் பைக்குள்ள போட்டுக்கிட்டு நடந்த பசங்க. அந்தப் பசங்களைப் பத்திதான் யோசனை. ஜெயிச்சாச்சு, சந்தோஷம், அடுத்த நாள் அவன் என்ன பண்ணுவான்? 2017 ஜல்லிக்கட்டு நேரத்துல மெரினாவுலயும் தமுக்கத்துலயும் அலங்காநல்லூர்லயும் உக்காந்த கூட்டத்தைப் பாத்தவதான் நான். ஒரு வாரம் ராத்திரி பகலா பக்கத்துல பக்கத்துல உக்காந்திருந்தவங்க, கலைஞ்சதுக்கு அப்புறம் வாட்ஸ்அப் குரூப்புல ஆறு மாசம் குட்மார்னிங் போட்டாங்க, அவ்வளவுதான், மறுபடி சேந்து உக்கார ஒரு எடம் இல்லாமப் போச்சு.

இந்த மாதிரி நேரத்துல எனக்கு எல்லா பேக்கர் ஞாபகம்தான் வரும். எல்லான்னா பேருங்க, எல்லா ஜோ பேக்கர், அமெரிக்காவுல கறுப்பின மக்கள் உரிமைப் போராட்டத்துல பின்னாடி நின்னே வேலை பாத்த அம்மா. 1960 பிப்ரவரி 1-ம் தேதி கிரீன்ஸ்பரோங்கிற ஊர்ல நாலு காலேஜ் பசங்க வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்னு இருந்த சாப்பாட்டு கவுண்டர்ல போய் உக்காந்து காபி கேட்டாங்க. அது தீ மாதிரி பல ஊருக்குப் பரவுது, ஆனா ஒரு ஊர்ப் பையனுக்கு இன்னொரு ஊர்ப் பையனைத் தெரியாது. அப்ப பேக்கரம்மாவுக்கு அம்பத்தாறு வயசு, மார்ட்டின் லூதர் கிங் தலைமையில இருந்த அமைப்புல வேலை. அந்த அமைப்புகிட்ட 800 டாலர் வாங்கி, தான் படிச்ச ஷா யூனிவர்சிட்டியில எடம் கேட்டு, ஏப்ரல் 15-ல இருந்து 17 வரைக்கும், ஈஸ்டர் லீவுல, இந்தப் பசங்களை எல்லாம் வரவழைச்சாங்க. நூறு பேர் வருவாங்கன்னு பாத்தா ரெண்டு மடங்குக்கு மேல வந்துட்டாங்க. லீவு பாத்து தேதி வைக்குறது, தெரிஞ்ச எடத்துல மண்டபம் கேக்குறது, எதிர்பார்த்ததை விட ஜாஸ்தி ஆளு வந்து சாப்பாட்டுக்கு முழிக்குறது, எல்லாம் நம்ம கதைதான்.

அங்க அந்தம்மா செஞ்ச ஒரு காரியம்தான் முக்கியம். பெரியவங்க எல்லாம் இந்தப் பசங்களை எங்க அமைப்போட இளைஞர் அணியா சேத்துக்கலாம்னு பேசுனப்ப, அது நடக்காதுன்னுட்டாங்க, பசங்க என்ன செய்யணும்னு பசங்க முடிவெடுக்கட்டும்னாங்க. அப்படிப் பொறந்ததுதான் ஸ்னிக்னு சொல்ற மாணவர் அமைப்பு. தெற்குப் பசங்களும் வடக்குப் பசங்களும் முதல்ல தனித்தனியாப் பேசட்டும்னும் ஏற்பாடு பண்ணாங்களாம், ஏன்னா வடக்குப் பசங்க நல்லாப் பேசுவாங்க, ஆனா அடி வாங்குனது தெற்குப் பசங்க. இந்த ஒரு விஷயத்தை யோசிச்ச மூளைக்கு நான் அடிமை.

எங்க வேலையை அப்படித்தான் பிரிச்சுக்கிட்டோம். என்ன பேசணும், எத்தனை மணிக்குப் பேசணும், யாரைக் கூப்பிடணும்ங்கிறது பசங்க பாடு, அதுல எங்களுக்கு ஓட்டு கிடையாது. பஸ் காசு, பாத்ரூம், சோறு, போலீஸ், அப்பா அம்மா, இதெல்லாம் எங்க பாடு. இது ஏதோ தியாகம்னு நினைக்காதீங்க. யாரு வர முடியும் யாரு வர முடியாதுங்கிறதை முடிவு பண்றதே இந்த ரெண்டாவது லிஸ்ட்தான். முதல் செஷன் ஆரம்பிக்குறதுக்கு முன்னாடியே பாதிப் பேரு வடிகட்டப்பட்டுருவாங்க, அது நம்ம கண்ணுக்குத் தெரியாது, ஏன்னா வராதவங்க நம்மகிட்ட வந்து நான் வரலன்னு சொல்லிட்டாப் போவாங்க?

பஸ் காசையே எடுத்துக்கோங்க. எல்லா அமைப்பும் சொல்றதுதான், டிக்கெட்டைப் பத்திரமா வச்சிருங்க, கடைசி நாள் செட்டில் பண்ணிருவோம். கேக்க நல்லாத்தான் இருக்கு. கையில காசு இருக்குறவன் வருவான். சாயல்குடி பக்கத்துல இருந்து வர்ற மீன்பிடிக் குடும்பத்துப் பையன் யாருகிட்டயாவது கைமாத்து வாங்குனாதான் பஸ் ஏற முடியும், அதைக் கேக்கவும் கூச்சப்படுவான், கடைசியில 'உடம்பு சரியில்லண்ணே'ன்னு ஒரு மெசேஜ் வரும். பொண்ணுங்களுக்கு பஸ் ஃப்ரீதானேன்னு ஒரு தோழர் கேட்டாரு. ஃப்ரீதான், 2021-ல இருந்து, டவுன் பஸ்ல. ராம்நாட்ல இருந்து மேலூருக்கு எந்த டவுன் பஸ் வருது? அதனால முன்கூட்டியே ஜிபேல போட்டு விட்டோம், போன்ல அந்த வசதி இல்லாதவங்களுக்கு வாசல்லயே கவர்ல வச்சுக் குடுத்தோம், டிக்கெட் கேக்கல. டிக்கெட் கேக்காம குடுத்தா ஏமாத்த மாட்டாங்களான்னா, ஒரு நாப்பது ரூபா ஏமாத்துனா ஏமாத்திட்டுப் போகட்டுமே.

மண்டபக் கதை கொஞ்சம் நீளம். முதல்ல பேசி அட்வான்ஸ் குடுத்த மண்டபத்துல இருந்து ஒரு வாரத்துக்கு முன்னாடி போன், பெயிண்டிங் வேலை இருக்கும்மா, மன்னிச்சுக்கோங்க. பெயிண்டிங் எப்ப திடீர்னு வரும்னு இந்தத் துறையில இருக்குற எல்லாருக்கும் தெரியும், ஒரு போன் வந்திருக்கும். நாலு சுவத்துக்குள்ள நடக்குற கூட்டத்துக்கு பெர்மிஷன் வேணும்னு சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தல, ஆனா மண்டபத்துக்காரர்கிட்ட போய் சட்டம் பேசுனா அவரு பொழப்பு என்னாகுறது. ரெண்டாவதா ஒரு பெரியவரு மண்டபம் கிடைச்சுது, மாடு வளக்குறவரு, நெத்தியில ஒரு தழும்பு. அவருகிட்ட மறைக்காம எல்லாத்தையும் சொன்னோம், இப்படிப் பசங்க வர்றாங்க, இதைப் பத்திப் பேசுவாங்க, உங்களுக்கு போன் வரலாம். கேட்டுட்டு, 'எங்க ஊர் மலைக்கு ஒண்ணுன்னப்ப எந்த ஊர்க்காரன்னு பாக்காம வந்து நின்னாங்கள்ல, வரச் சொல்லு தாயி'ன்னுட்டாரு. கரண்ட் பில் மட்டும் தனியா வாங்குனாரு, அதுல கறார்.

கல்யாண மண்டபத்துல ஒரு வசதி, மாப்பிள்ளை ரூம் பொண்ணு ரூம்னு ரெண்டு இருக்கும், பொண்ணு ரூம்லதான் ஏசி. அங்க பொண்ணுங்க எல்லாம் படுத்துக்கிட்டாங்க, மாப்பிள்ளை ரூமை எந்தப் பக்கமும் படுக்கத் தயங்குறவங்களுக்கும் உடம்பு முடியாதவங்களுக்கும்னு விட்டுட்டோம், பசங்க எல்லாம் மணமேடையைச் சுத்தி ஜமுக்காளம். முந்துன நாளே போய் ஒவ்வொரு பாத்ரூம் தாழ்ப்பாளையும் போட்டுப் போட்டுப் பாத்தேன், மூணுல போடவே முடியல. சுத்தியலும் ஸ்க்ரூவும் வாங்கிட்டு வந்து எலக்ட்ரீசியன் தம்பியை வச்சு மாட்டுனோம், உள்ள ஒரு கொக்கி, ஒரு மூடி போட்ட குப்பைக்கூடை, ஒரு டப்பால நாப்கின். இதை எழுதுறப்ப சில ஆம்பளைத் தோழர்கள் முகம் சுளிப்பாங்கன்னு தெரியும். அவங்க நடத்துற கூட்டத்துல ஏன் பொண்ணுங்க மத்தியானத்தோட கிளம்பிப் போறாங்கன்னு எப்பவாச்சும் யோசிச்சிருக்காங்களா?

பொண்ணுங்க விஷயத்துல அடுத்த கதவு அப்பா அம்மா. ராத்திரி தங்கணும்னாலே வீட்டுல விடமாட்டாங்க. ஒரு நோட்டீஸ் அனுப்பிட்டு சும்மா இருந்தா வர்றது நகரத்துப் பொண்ணுங்க மட்டும்தான். நாங்க மூணு பொம்பளைங்க போனை எடுத்து உக்காந்து ஒவ்வொரு வீட்டுக்கும் பேசுனோம். 'அம்மா வணக்கம்மா, நான் மதுரையில இருந்து பேசுறேன்'னு ஆரம்பிச்சா அந்தப் பக்கம் முதல் கேள்வி, கூட எந்த டீச்சர் வர்றாங்க. ரெண்டாவது கேள்வி, கேஸ் கீஸ் ஆயிராதுல்ல. ஒரு அம்மா, திருமங்கலம் தாண்டி ஒரு ஊரு, எல்லாத்தையும் கேட்டுட்டு 'நீங்க கல்யாணம் ஆனவங்களா'ன்னாங்க. ஆனவதாங்கன்னேன். 'அப்ப சரி'ன்னு போனை வச்சுட்டாங்க. அந்த 'அப்ப சரி'யில எனக்குக் கோவம் வந்துச்சு, ஆனா பொண்ணு வந்துட்டா.

சோறு. காசு எங்க இருந்துன்னு எல்லாரும் கேப்பீங்க. எந்த என்ஜிஓவும் குடுக்கல, வெளிநாட்டு நிதி வாங்குற அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்கு மாத்திக் குடுக்கக் கூடாதுன்னு 2020-ல சட்டம் திருத்துனதுல இருந்து சின்னக் குழுக்களுக்கு அந்தக் குழாய் அடைபட்டுப் போச்சு, அடைபட்டதும் ஒரு வகையில நல்லதுதான்னு நான் நினைக்கிறேன், சண்டைக்கு வராதீங்க. அரிசி மேலூர்க்காரங்க மூட்டையாப் போட்டாங்க, காய்கறி ஒட்டன்சத்திரத்துல இருந்து ஒரு தம்பி லோடு வண்டியில ஏத்தி விட்டான், மிச்சம் தெரிஞ்சவங்ககிட்ட ஐநூறு ஆயிரம்னு கையேந்துனது.

யாரு சமைக்குறது, யாரு பரிமாறுறது, எச்சி எலை யாரு எடுக்குறதுங்கிறதுல இந்த நாட்டுல அரசியல் இல்லன்னு சொன்னா நம்பாதீங்க. வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில தேசபக்தப் பசங்களை உருவாக்கத்தான் குருகுலம் நடத்துனாரு, ரெண்டு பிராமணப் பசங்களுக்குத் தனியாப் பந்தி போட்டதுல 1924, 25-ல தமிழ்நாட்டுக் காங்கிரஸே ரெண்டுபட்டுச்சு. அதே காலத்துல யாழ்ப்பாணத்துல ஹன்டி பேரின்பநாயகமும் அவரு கூட்டாளிகளும் 1924-ல தொடங்குன மாணவர் காங்கிரஸ், பின்னாடி வாலிபர் காங்கிரஸ்னு பேரானது, தீண்டாமைக்கு எதிராத் தீர்மானம் போட்டுத்தான் ஆரம்பிச்சுச்சு, சமாசனம் சமபோசனம்னு, அதாவது சமமா உக்காரணும் சமமாச் சாப்பிடணும்னு, பள்ளிக்கூடத்துப் பெஞ்சு வரைக்கும் அந்தச் சண்டை போச்சு, காந்தியை 1927-ல அங்க கூட்டிட்டு வந்ததும் இந்தப் பசங்கதான். நூறு வருஷமாச்சு. எங்க கூடுகையில முதல் நாள் காலையில டீ குடிக்குற எடத்துலயே ஒரு பையன் இன்னொரு பையன்கிட்ட 'நீங்க ஊர்ல எந்தத் தெரு'ன்னு கேட்டான். கேட்டவன் கெட்டவன் இல்ல, வாய் அப்படிப் பழகிருக்கு. கேக்கப்பட்டவன் டம்ளரைக் கீழ வச்சுட்டு 'கடைசித் தெரு'ன்னான். சுத்தி நின்ன அஞ்சாறு பேருக்கும் புரிஞ்சுபோச்சு, யாரும் ஒண்ணும் பேசல. பசங்களே அன்னிக்கு மத்தியானத்துக்கு வச்சிருந்த ஒரு செஷனைத் தூக்கிட்டு சாதியைப் பத்திப் பேசுனாங்க. கடைசித் தெருக்காரன் பேசல, மத்தவங்க பேசட்டும் நான் கேக்குறேன்னுட்டான், அது அவன் உரிமை. ராத்திரி பாத்திரம் கழுவுறப்ப ரெண்டு பேரும் ஒரே அண்டாவைப் புடிச்சுக் கவுத்துக்கிட்டிருந்தாங்க. ஃப்ரெண்ட் ஆயிட்டாங்கன்னு நான் சொல்ல மாட்டேன், எனக்குத் தெரியாது.

மெனுவுல ரெண்டாம் நாள் பிரியாணி. கறி சாப்பிடாதவங்களுக்குத் தனி சாம்பார் உண்டு, தனிப் பந்தி கிடையாது.

மேடை விஷயம் பசங்க முடிவு பண்ணதுதான், எனக்குக் கொஞ்சம் பயம் இருந்துச்சு. தலைமை, முன்னிலை, வரவேற்புரை, நன்றியுரை, பொன்னாடை எதுவும் இல்ல, பேனர்ல யாரு பேரும் இல்ல. ஒரு மூத்தவரு ரொம்ப வருத்தப்பட்டாரு, நாப்பது வருஷமா இயக்கத்துல இருக்கேன்னாரு. வாங்கய்யா, வந்து உக்காருங்க, ஆனா மைக் கிடையாதுன்னு பசங்களே போன்ல சொல்லிட்டாங்க. அவரு வரல. வேற ஒருத்தரு வந்தாரு, அவரு வக்கீல், ரெண்டு மணி நேரம் தரையில உக்காந்து பதில் சொன்னாரு. பசங்க கேட்டது எல்லாம் நேரடியான கேள்வி. 144 போட்டா என்ன பண்றது? 2024 ஜூலையில இருந்து அது பிஎன்எஸ்எஸ்ங்கிற புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 163 தம்பி, நோட்டீஸ்ல நம்பரைப் பாரு. ஸ்டேஷனுக்கு வான்னு போன் பண்ணா போகணுமா? எழுத்துல குடுக்கச் சொல்லு, அந்த நோட்டீஸுக்குப் பிரிவு முன்னாடி 41ஏ, இப்ப 35(3). பொழுது சாஞ்சதுக்கு அப்புறம் பொண்ணுங்களைக் கூட்டிட்டுப் போகலாமா? அசாதாரணமான சூழ்நிலையில, மாஜிஸ்திரேட் அனுமதி வாங்கி, பெண் போலீஸ் வந்தாத்தான். கைது பண்ணா வீட்டுக்குச் சொல்லியாகணும், 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும், இந்த 24 மணி நேரக் கணக்கு அரசியல் சட்டத்துலயே இருக்கு. ஒரு பையன் ரொம்ப நேரம் கை தூக்காம இருந்துட்டு கடைசியா கேட்டான், 'சார், எம்மேல ஒரு கேஸ் இருக்கு, நான் போலீஸ் வேலைக்குப் போக முடியுமா?' சிரிப்பு வந்துருக்கணும், யாருக்கும் வரல, ஏன்னா அங்க இருந்தவங்கள்ல நெறையப் பேரு டிஎன்பிஎஸ்சிக்கோ போலீஸ் பரீட்சைக்கோ படிக்குறவங்க. டங்ஸ்டன் போராட்டத்துல பதினோராயிரத்துக்கும் மேல ஆளுங்க மேல போட்ட வழக்கை அரசே திரும்ப வாங்கிருச்சு, ஆனா எல்லா ஊருக்கும் அந்த யோகம் இல்ல. வக்கீல் மழுப்பாம சொன்னாரு, கேஸ் இருந்தா சிக்கல்தான், ஆனா அப்ளிகேஷன்ல மறைச்சு எழுதுனா அதை விடப் பெரிய சிக்கல், கேஸ் முடியுறதுக்கு என்ன வழின்னு தனியா வா பேசுவோம்.

இந்தப் பயம் சும்மா இல்ல, அதனாலதான் போட்டோவுக்கு ஒரு ஏற்பாடு. கையில சிவப்புக் கயிறு கட்டியிருந்தா அவங்களைப் படம் எடுக்கக் கூடாது, ஏன்னு கேக்கவும் கூடாது. பாதிக்கு மேல சிவப்புக் கயிறு. ரீல்ஸ் போடணும்னு வந்த ரெண்டு மூணு பேரு நொந்துபோய் கடைசியில பிரியாணி அண்டாவை வீடியோ எடுத்துப் போட்டாங்க, அதுக்குத்தான் லைக் பிச்சுக்கிட்டுப் போச்சு.

போலீஸ் வந்தாங்களான்னா, மஃப்டியில ஒரு ஏட்டய்யா வந்தாரு, எத்தனை பேரு, எங்க இருந்து காசுன்னாரு. இதுக்குன்னே ஒருத்தரை முன்னாடியே நியமிச்சு வச்சுக்கணும், ஆளாளுக்குப் பதில் சொல்லக் கூடாது. எங்க ஆளு அவரை அரிசி மூட்டைகிட்ட கூட்டிட்டுப் போய் இதுதான் ஃபண்டுன்னாரு. ஏட்டய்யா சாப்பிட்டுட்டுப் போனாரு, அவரு மகளும் காலேஜ் படிக்குதாம்.

பேசுறதுல ஒரு விளையாட்டு பசங்க கொண்டு வந்தாங்க, இதை யாரு வேணா காப்பி அடிச்சுக்கலாம். உக்காரும்போது ஆளுக்கு மூணு புளியங்கொட்டை. ஒரு தடவை பேசுனா ஒண்ணை நடுவுல போடணும், மூணும் தீந்தா வாயை மூடிக்கணும், மத்தவங்க எல்லாம் குறைஞ்சது ஒண்ணு போட்ட பிறகுதான் மறுபடி. முதல் பத்து நிமிஷத்துலயே நல்லாப் பேசுற நாலு பசங்களுக்குக் கொட்டை காலி. அப்புறம் ஒரு அமைதி பாருங்க, எனக்கே கஷ்டமா இருந்துச்சு, நான் ஓரமா உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தேன், ஏதாச்சும் சொல்லி அதை உடைக்கணும்னு வாய் துறுதுறுன்னுச்சு. ரெண்டு மூணு நிமிஷம் ஓடியிருக்கும். தேனிப் பொண்ணு ஒருத்தி, ஏலக்காய் எஸ்டேட்டுக்கு ஜீப்ல போற கூலிக் குடும்பம், ஒரு கொட்டையை உருட்டி விட்டுட்டுப் பேச ஆரம்பிச்சா. விடியக்காலம் ஜீப்புல எத்தனை பேரை அடைக்குறாங்க, மலையேறுறப்ப யாரு ஓரத்துல தொங்குறாங்க, ஜீப்புக்காரன்கிட்ட அட்வான்ஸ் வாங்குன வீட்டுப் பொம்பளைங்க அவன் சொன்ன எடத்துலதான் உக்காரணும், எல்லாம். இருவத்தோரு வயசு. நடுவுல நிறுத்தி 'இது சுற்றுச்சூழல்ல வருமா'ன்னு கேட்டா. வரும்னு ஒரே சத்தம். பேசிப் பேசித் தேஞ்ச அந்த நாலு பசங்களும் வாயைப் பொளந்து கேட்டுக்கிட்டிருந்தாங்க.

ரெண்டாம் நாள் காலையில மேலூர் பக்கத்துக் கிராமத்துல இருந்து ஒரு அப்பத்தாவைக் கூட்டிட்டு வந்திருந்தாங்க, நடைபயணத்துல கடைசி வரைக்கும் நடந்தவங்க. பசங்க போராட்ட அனுபவம் சொல்லுங்க அப்பத்தான்னு நோட்டைத் தொறந்து வச்சுக்கிட்டாங்க. அந்தம்மா அனுபவம் எல்லாம் சொல்லல, வெத்தலையை ஒதுக்கிக்கிட்டு எதிர்க்க இருந்த ஒருத்தனைப் பாத்து, 'உங்கூரு கம்மா பேரு என்னய்யா'ன்னாங்க. அவன் சொன்னான். 'மடை எத்தனை?' தெரியல. அடுத்த ஆளு. இப்படியே வரிசையாக் கேட்டுட்டு வந்தாங்க, கண்மாய் பேரு பாதிப் பேருக்குத் தெரியும், மடை கணக்கு ஏழெட்டுப் பேருக்கு, தண்ணி எந்தக் கண்மாயில இருந்து எந்தக் கண்மாய்க்குப் போகுதுன்னு கேட்டப்ப ரெண்டே பேரு. அந்தம்மா ஒண்ணும் திட்டல. 'தெரிஞ்சுக்கங்க, எழுதிக் குடுக்கும்போது வேணும்ல'ன்னாங்க. அடுத்த செஷன் ஆர்டிஐங்கிற தகவல் உரிமைச் சட்டம், ஆளுக்கு ஒரு பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி நெசமாவே ஒரு மனு எழுதணும்னு வச்சிருந்தாங்க. பாதி மனு அவங்க அவங்க கண்மாயோட புல எண், பரப்பு, மடை எண்ணிக்கை, கடைசியா எப்பத் தூர்வாருனாங்கன்னு கேட்டுப் போச்சு. முப்பது நாள்ல பதில் வரணும், வரலன்னா மேல்முறையீடு, அதுக்கும் அப்பவே ஒரு மாதிரிப் படிவம் கையில குடுத்துட்டாங்க.

கட்சிக் கொடி ஒண்ணால ஒரு சண்டை வந்துச்சு, அதை விரிவா எழுதுனா அந்தப் பையன் யாருன்னு தெரிஞ்சுரும், வேணாம். கொடி வண்டியிலயே இருக்கட்டும், நீ உள்ள வான்னு முடிஞ்சுச்சு.

கடைசி மணி நேரம் கணக்கு. வரவு செலவை சார்ட் பேப்பர்ல எழுதி செவத்துல ஒட்டி, காய்கறி எறக்குக்கூலி வரைக்கும் சத்தமா வாசிச்சாங்க. ஆயிரத்துச் சொச்சம் மிஞ்சுச்சு. அப்பதான் பெரியவங்க பக்கத்துல இருந்து ஒரு குரல், இதைத் தொடர்ந்து நடத்த ஒரு அமைப்பு வேணும், மூத்தவங்க கொண்ட ஒரு ஆலோசனைக் குழு வச்சுக்கலாம்னு. எங்க ஆளுதான், நல்ல எண்ணத்துலதான் சொன்னாரு. பசங்க தங்களுக்குள்ள கொஞ்ச நேரம் குசுகுசுன்னு பேசுனாங்க. அப்புறம் ஜீப் கதை சொன்ன பொண்ணு எந்திரிச்சு, அடுத்தது ராம்நாடு கடலோரத்துல நடத்துறோம், குழுவுல இருக்க வயசு வரம்பு இருபத்தெட்டு, பெரியவங்க எல்லாரும் சமையலுக்கு வரலாம்னு அறிவிச்சா. ஒரே சிரிப்பு. ஆலோசனைக் குழு சொன்னவருக்கு முகம் சுருங்கிப்போச்சு, எனக்கும் ஒரு நிமிஷம் சுருக்னுதான் இருந்துச்சு, எல்லா பேக்கர் கதையை ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுறவளுக்கே.

ஆகஸ்ட் 15 கிராம சபையில சில ஊர்ல தீர்மானம் ஏறுச்சு, ஒரு ஊர்ல மனுவைக் கையிலயே வாங்கல, இன்னொரு ஊர்ல வாங்கிட்டு மினிட் புக்குல எழுதல. எழுதலங்கிறதை எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னா மறுபடி ஆர்டிஐ. அந்த ஊருக்கு அக்டோபர் 2 இருக்கு, விட்டா நவம்பர் 1, அதையும் விட்டா ஜனவரி 26, வருஷத்துக்கு ஆறு கிராம சபை இருக்குறது இவங்களுக்கு இப்ப மனப்பாடம். பஸ் கேட்ட பொண்ணு ஊருக்கு இன்னும் பஸ் வரல.

போன வாரம் கடலோரக் குழுவுல இருந்து ஒரு தம்பி பேசுனான், எங்களை எல்லாம் சேக்காத அவங்க வாட்ஸ்அப் குரூப்புல ஏதோ விவாதம் ஓடுதாம். அறுபது பேருக்கு எத்தனை ஜமுக்காளம், சமையல் மாஸ்டர் அவ்வளவு தூரம் வருவாரா, உப்புத்தண்ணி ஊர்ல வாட்டர் கேன் எத்தனை போடணும்னு வரிசையாக் கேட்டான். சொன்னேன். பேச்சாளர் யாரையாச்சும் சொல்லட்டுமா தம்பின்னேன். 'அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்கா, மாஸ்டர் நம்பர் மட்டும் அனுப்புங்க'ன்னு வச்சுட்டான்.